ராபர்ட் பேட்மன்: ஒரு காட்டுயிர் ஓவியரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளியின் ஓவிய அறைச் சுவரில் மூன்று படங்கள் ஒட்டியிருக்கிறேன். ஒன்றில் பாசி பிடித்த கிளைகளுக்கு நடுவே ஓர் ஆந்தை. ஒன்றில் வெள்ளைப் பூக்களுக்கிடையே ஒரு மஞ்சள் குருவி. மூன்றாவதில் ஒரு நீர்ப்பறவைக் குடும்பம். மூன்றும் கனடா நாட்டு ஓவியர் ராபர்ட் பேட்மன் வரைந்தவை; பழைய காலண்டர்களிலிருந்து நான் கத்தரித்தவை. மாணவர்கள், சக ஆசிரியர்கள், பெற்றோர் கூட்டத்துக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் தேடுபவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லித் தொண்டை வறள்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

பேட்மனா? வௌவால் வேடம் போடுபவரா?

எட்டாம் வகுப்பில் நுழைந்தவுடன் வரும் முதல் கேள்வி இது. தமிழ் எழுத்தில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது நம் கெட்ட நேரம். முகமூடிக்காரரை நாம் ‘பேட்மேன்’ என்று எழுதுகிறோம். இவர் ‘பேட்மன்’, ‘பே’யை நன்றாக நீட்டிச் சொல்ல வேண்டும். 1930 மே 24இல் டொரோண்டோவில் பிறந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் தூரிகையைக் கீழே வைக்காதவர். காட்டுயிர் ஓவியம் என்று ஒரு துறை உண்டு என்பதை வட அமெரிக்காவின் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தெரியவைத்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்.

‘வனவிலங்கு ஓவியர்’ என்று சொன்னால் என்ன?

சொல்லலாம். ஆனால் அவர் வரைந்தவற்றில் பறவைகள் ஏராளம். ‘விலங்கு’ என்றவுடன் நம் மனம் நான்கு காலுக்குப் போய்விடுகிறது. ‘காட்டுயிர்’ என்ற சொல்லில் பூச்சிக்கும் புல்லுக்கும்கூட இடம் இருக்கிறது. இவருக்கு அந்தச் சொல்தான் அளவாகப் பொருந்துகிறது.

எப்படி ஆரம்பித்தார்?

டொரோண்டோ நகரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வீடுகளுக்கும் தெருக்களுக்கும் நடுவே, ஓடைகள் அறுத்துப்போட்ட பள்ளத்தாக்குகள் மரம் அடர்ந்து கிடக்கும். பேட்மன் வளர்ந்த வீட்டின் பின்புறம் அப்படி ஒரு பள்ளம். பையன் பள்ளி விட்டதும் அதற்குள் இறங்கிவிடுவான். பறவை பார்ப்பதும் அதை வரைவதும் அவனுக்கு ஒரே வேலையாக இருந்தன. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் சிறுவர்களுக்கான இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று நடந்தது, அதில் சேர்ந்தான். அந்த அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவை ஓவியர் டெரன்ஸ் ஷார்ட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டவற்றை இன்றும் நன்றியோடு சொல்கிறார். பிறகு கோடை விடுமுறைகளில் அல்கோன்குவின் பூங்காவில் இருந்த காட்டுயிர் ஆராய்ச்சி முகாமில் எடுபிடி வேலை. பகலில் வேலை, மிச்ச நேரத்தில் வண்ணம்.

முறையாக ஓவியக் கல்லூரியில் படித்தவரா?

இல்லை. டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து 1954இல் பட்டம் பெற்றார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பள்ளி ஆசிரியர்; புவியியலும் ஓவியமும் நடத்தினார். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான், 1976இல், சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானார். இதை நான் சற்றுச் சத்தமாகவே சொல்வது வழக்கம். ஓவிய ஆசிரியர் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டு போகும் ஊரில் எனக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டாமா?

புவியியல் படித்தது வீண் போகவில்லை என்பது என் கருத்து. அவர் படங்களில் பாறை வெறும் பாறையாக இருக்காது. இன்ன வகைப் பாறையாக இருக்கும். பனி எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, நீர்மட்டம் எந்த மாதத்தில் எவ்வளவு இறங்கியது என்று படித்தெடுத்துவிடலாம் போல இருக்கும்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாராமே?

வந்திருக்கிறார். 1957இல் பிரிஸ்டல் ஃபாஸ்டர் என்ற நண்பரோடு ஒரு லேண்ட் ரோவரில் உலகம் சுற்றக் கிளம்பினார். ஆம்புலன்ஸ் வண்டிக்கான கூண்டு பொருத்திய வாகனம். ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்காசியா என்று போய் 1958இல் ஆஸ்திரேலியாவில் முடித்தார்கள். வண்டிக்கு ‘கிரிஸ்லி டார்க்’ என்று ஒரு செல்லப்பெயர். போகிற வழியில் கண்ட காட்சிகளை பேட்மன் அதன் பக்கவாட்டுத் தகடுகளிலேயே வரைந்துகொண்டு போனார். நம் ஊர் லாரிக்காரர்கள் பார்த்திருந்தால் ‘நம்ம ஆள்’ என்றிருப்பார்கள்.

உடன் சென்ற ஃபாஸ்டரும் லேசுப்பட்டவர் அல்லர். தீவுகளில் சிக்கிக்கொள்ளும் சிறு விலங்குகள் தலைமுறை தலைமுறையாகப் பெரிதாவதும், பெரிய விலங்குகள் சிறுத்துப்போவதும் உண்டு என்று 1964இல் எழுதிய உயிரியலாளர். அந்த விதி இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

பிறகு 1963 முதல் 1965 வரை நைஜீரியாவில், உமுவாகியா அரசுக் கல்லூரியில் பேட்மன் புவியியல் நடத்தினார். எழுத்தாளர் சினுவா அச்சிபி படித்த பள்ளி அது. ஆப்பிரிக்க விலங்குகளை அவர் தீவிரமாக வரையத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். நைரோபியில் ஒரு கலைக்கூடம் அவற்றை விற்றுக் கொடுத்தது.

ஆரம்பத்திலிருந்தே இப்படி மயிர்க்கால் தெரிய வரைந்தாரா?

இல்லை. இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

இருபது வயதுகளில் அவர் அந்தக் காலத்து நவீன ஓவியங்களின் பின்னால் போனார். மனப்பதிவுப் பாணி (இம்ப்ரெஷனிசம்), கனசதுர பாணி (கியூபிசம்), கடைசியில் எந்த உருவமும் இல்லாத முழு அரூபம். கறுப்புச் சட்டத்தைத் தூக்கி வெள்ளைச் சுவரில் எறிந்தது போல வரைவாரே அமெரிக்க அரூப ஓவியர் ஃபிரான்ஸ் கிளைன், அவர்மேல் தனி மோகம். விலங்குகளும் பறவைகளும் குறிப்பேட்டில் ஒரு பக்கம். ‘உண்மையான கலை’ கேன்வாஸில் இன்னொரு பக்கம். இரண்டும் சேராத இரட்டை வாழ்க்கை.

1960களின் தொடக்கத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆண்ட்ரூ வயத் என்ற ஓவியரின் கண்காட்சியைப் பார்த்தார். காய்ந்த புல், பழைய களஞ்சியம், சன்னல் திரை என்று கண்ணெதிரே கிடப்பதை அப்படியே வரைந்தும் ஒருவர் தீவிரமான ஓவியராக இருக்க முடியும் என்பது அங்கே அவருக்கு உறைத்தது. யதார்த்தத்துக்குத் திரும்பினார்.

திரும்பினாரே தவிர, கிளைனை விட்டுவிட்டு வரவில்லை. சந்தேகம் இருந்தால் அவர் படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். பறவை மறைந்துவிடும். பெரிய இருட்டு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டும் வெளிச்சம் ஒன்று, இரண்டும் மோதும் விளிம்பு ஒன்று என்று ஓர் அரூப ஓவியம் மிஞ்சும். விலங்கு வரையும் பலருடைய படங்கள் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன. தலைகீழாகத் திருப்பினால் அவற்றில் தலைகீழான புலிதான் இருக்கிறது.

அப்படி என்னதான் விசேஷம்? புலியை, ஆந்தையை அச்சு அசலாக வரைபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் அவர் படங்களின் தலைப்புகளைத்தான் காட்டுவேன். தமிழில் சொல்லிப் பாருங்கள்:

பாசிக் கிளைகள் – புள்ளி ஆந்தை.
திடீர்ப் பனிப்புயல் – செவ்வால் பருந்து.
அண்டார்டிகாவில் அந்தி – கூன்முதுகுத் திமிங்கிலங்கள்.
அந்திப் பனிப்பொழிவு – எல்க் மான்.
நள்ளிரவு – கறுப்பு ஓநாய்.

முதலில் இடம், அல்லது பொழுது, அல்லது வானிலை. பிறகு ஒரு கோடு. அதற்கப்புறம்தான் உயிரினம். எல்லாத் தலைப்பும் இப்படி இல்லை. ஆனால் மிகப் பல இப்படித்தான். மேல்நாட்டு விமரிசகர்கள் இதற்கு என்ன பெயர் வைத்தாலும், தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமானதல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் மானும் மயிலும் கருப்பொருள் என்று திணை இலக்கணம் படித்தவர்கள் நாம். குறிஞ்சி என்றால் முதலில் மலை, கூதிர், நள்ளிரவு, புலி அதற்கப்புறம். பேட்மன் தொல்காப்பியம் படித்தவர் அல்லர். ஆனாலும் காட்டைக் கவனித்துப் பார்க்கிற யாருக்கும் வரிசை இப்படித்தான் வந்து அமையும் போலிருக்கிறது.

என் சுவரில் இருக்கும் ஆந்தைப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் முதலில் காண்பது பச்சை. மரத்தைவிடப் பாசிக்கே எடை அதிகம் என்று சொல்லும்படி தொங்கும் பாசி, கிளைக்குக் கிளை. படத்தின் பெரும்பகுதியைக் கிளைகளே எடுத்துக்கொள்கின்றன. அப்புறம் ஒரு பழுப்பு. பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். அப்புறம்தான் இரண்டு கறுத்த கண்கள். பெரும்பாலான ஆந்தைகளுக்குக் கண் மஞ்சளாக மின்னும், இதற்குக் கறுப்பு. அதனால் கண் நம்மைக் கூப்பிடாது. நாமாகத் தேடித்தான் போக வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன்களிடம் இந்தப் படத்தைக் காட்டி, ஆந்தையைக் கண்டுபிடித்ததும் கையைத் தூக்கச் சொல்வேன். கைகள் ஒவ்வொன்றாக எழும். கண்டுபிடித்தவன் முகத்தில் வரும் அந்தச் சிரிப்பு, காட்டில் நிஜமாகவே பறவையைக் கண்டவனின் சிரிப்புதான்.

இந்த ஆந்தை முதிர்ந்த காடு இல்லாமல் வாழாது. நூற்றாண்டு கண்ட மரங்களின் பொந்துகளும் முறிந்த உச்சிகளும் அதற்குக் கூடு. அமெரிக்க மேற்குக் கரையில் அந்தக் காடுகளை வெட்டுவதா வேண்டாமா என்று மரத் தொழிலாளர்களும் சூழலியலாளர்களும் மோதிக்கொண்டிருந்தபோது, 1990இல், அமெரிக்க அரசு வட பகுதிப் புள்ளி ஆந்தையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. படம் வரையப்பட்டதும் அதையொட்டிய காலத்தில்தான். அப்படிப்பட்ட ஆந்தையை வெறும் கிளையில் உட்காரவைத்து வரைந்தால் அது பொய். கிளையை வரைந்தால்தான் ஆந்தை.

இன்னொரு படத்தில், வயல் ஓரத்தில் மண்டும் காட்டு கேரட் செடியின் வெள்ளைப் பூக்களுக்கிடையே அமெரிக்கப் பொற்குருவி ஒன்று இருக்கும். அந்தத் தலைப்பிலும் பூதான் முன்னால், குருவி பின்னால். பூக்கள் ஒவ்வொன்றும் கோலப்பொடியைச் சிந்தி வைத்தது போலத் தனித்தனியாக இருக்கின்றன. பூவை ‘பொதுவாக ஒரு வெள்ளைப் பூ’ என்று வரைந்துவிட்டுப் போகிற வழக்கமே அவரிடம் கிடையாது.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதுதானே? அதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

புகைப்படங்களைப் பயன்படுத்துகிறார், மறைத்ததும் இல்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து ஒரு படம் வரைவதில்லை. குறிப்பேட்டில் போட்ட கோடுகள், பல இடங்களில் எடுத்த படங்கள், அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த தோல்கள், தன் நினைவு எல்லாவற்றையும் கலந்து ஒரு காட்சியைக் கட்டுகிறார். வெளிச்சம் விலங்கின் உடம்பில் எங்கே விழும் என்று சந்தேகம் வந்தால், களிமண் போன்ற பொருளில் சிறிய உருவம் பிடித்து விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்ப்பதும் உண்டு.

அவர் வரைவது அக்ரிலிக் வண்ணத்தில். அது சீக்கிரம் காயும். எண்ணெய் வண்ணக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். இவர் அதையே வசதியாக்கிக்கொண்டார். முதலில் பெரிய தூரிகையால் இருட்டையும் வெளிச்சத்தையும் வாரி அப்பிவிடுவார். அந்தக் கட்டத்தில் அது ஆந்தையா, அரூபமா என்று யாரும் சொல்ல முடியாது. காய்ந்ததும் மேலே நீர்த்த வண்ணம், அதன்மேல் நுணுக்கம். நுணுக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதன்மேல் மறுபடியும் ஒரு நீர்த்த பூச்சு, மூடுபனி இறங்கியது போல. கொடுப்பதும் எடுப்பதுமாகப் போகும். முடித்த படத்தில் புல்லின் நுனி கூர்மையாகத் தெரிவதற்கு, அதன் பக்கத்துப் புற்கள் நான்கு அப்படி மூழ்கடிக்கப்பட்டிருப்பதே காரணம். எல்லாவற்றையும் கூர்மையாக வரையும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகைப்படத்தைப் பற்றி என் தரப்பில் ஒன்று. இன்றைய காட்டுயிர்ப் புகைப்படங்களில் பெரும்பாலானவை நீண்ட லென்ஸில் எடுக்கப்படுபவை. பறவையின் கண்ணில் சன்னல்கூடத் தெரியும். பின்னணி மட்டும் வெண்ணெய் போல உருகிக் கிடக்கும். அழகுதான். ஆனால் அந்தப் பறவை எந்த ஊரில், எந்த மரத்தில், எந்த மாதத்தில் உட்கார்ந்திருந்தது என்பதற்கு அந்தப் படத்தில் சாட்சி இல்லை. அதைப் பார்த்து வரைகிறவர்கள் அந்த வெண்ணெயையும் சேர்த்து வரைந்துவிடுகிறார்கள்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்?

கணக்கு கிடையாது. ஒரே நேரத்தில் பல படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் முடிந்துவிடும், சில சுவரைப் பார்த்து நிற்கும்.

கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கும் பறவை இவர் வரைந்ததுதானே?

அல்ல. பலரும் இப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாணயத்தில் இருப்பது லூன் என்ற நீர்ப்பறவை. நம் ஏரி முக்குளிப்பானைப் போல முங்கி மீன் பிடிக்கும். உருவத்தில் அதைவிடப் பல மடங்கு பெரியது. முதுகில் கறுப்பு வெள்ளைக் கட்டம். குஞ்சுகள் தாய் தந்தையின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். நாணயத்தில் அதை வரைந்தவர் ராபர்ட் ரால்ஃப் கார்மைக்கேல். வெளிவந்த ஆண்டு 1987. இரண்டு டாலர் நாணயத்தின் துருவக் கரடி 1996இல் வந்தது. அது பிரென்ட் டவுன்சென்ட் வரைந்தது.

பேட்மன் வரைந்த புகழ்பெற்ற லூன் வேறு. என் சுவரில் மூன்றாவதாக இருப்பது அதுதான். 1981இல் இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்துக்குக் கனடா நாட்டின் பரிசாகப் போனது அந்த ‘வடதிசைப் பிரதிபலிப்புகள் – லூன் குடும்பம்’. ராபர்ட், ராபர்ட் என்று இரண்டு பேர், இரண்டு லூன்கள். குழம்பாமல் என்ன செய்யும்?

அவருடைய அசல் படம் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பொறுங்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம், சட்டம் போட்ட பேட்மன் படம் ஒன்று கண்ணில் பட்டது. கீழே கையெழுத்து. ‘ஒரிஜினல் சார், வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுச் சாமான்’ என்றார். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கைக் கொடுத்துவிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வானத்தில் நீலப் புள்ளி, மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி, கறுப்புப் புள்ளி. பூந்தி போட்டது போல வரிசையாக. கையெழுத்திலும் அதே புள்ளிகள்! கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருந்தது. சட்டத்தைப் பிரித்தால், அட்டைக்குப் பின்னால் அக்டோபர் மாதத் தேதிகள். காலண்டர். என் மனைவி அதைப் பற்றி இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. அக்டோபர் பிறக்கும்போது மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்.

ஆகவே மூன்று வகைச் சரக்கு உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, கேன்வாஸிலோ ஹார்டுபோர்டிலோ அவர் கையால் வரைந்த அசல். அது நம் தெருவுக்கெல்லாம் வராது. இரண்டு, 1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் மில் பாண்ட் அச்சகம் வெளியிட்ட குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிரதிகள். தொடக்ககாலப் படங்கள் பலவற்றுக்கு 950 பிரதிகள் என்று வரம்பு. பின்னால் ஆயிரக்கணக்கில் போனது. இவையும் ஆப்செட் அச்சுதான். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அதே தொழில்நுட்பத்தின் உயர்ந்த வகை. ஆனால் ஓரத்தில் பென்சிலால் அவரே கையெழுத்திட்டு எண் போட்டிருப்பார். பூதக்கண்ணாடியில் படம் புள்ளியாகத் தெரியும். கையெழுத்து பென்சில் தடமாகத் தெரியும். மூன்று, காலண்டர், வாழ்த்து அட்டை, சுவரொட்டி. அதில் எல்லாமே புள்ளி.

இந்தப் பிரதி விற்பனையில் ஏதோ சர்ச்சை வந்ததாமே?

வந்தது. 1980களில் கனடாவில் பல் மருத்துவர் அறை முதல் வக்கீல் அலுவலகம் வரை பேட்மன் பிரதி தொங்கியது. வாங்கினால் விலை ஏறும் என்று நிலம் வாங்குவது போலச் சிலர் வாங்கினார்கள். கல்லிலும் மரத்திலும் செம்பிலும் தாமே செதுக்கி, ஒவ்வொரு தாளையும் கையால் அச்செடுக்கும் பதிவோவியர்களுக்கு எரிச்சல் வந்தது. ‘நாங்கள் ஐம்பது தாள் எடுக்க முதுகு ஒடிகிறது. இயந்திரம் கக்கிய தாளில் பென்சிலால் எண் போட்டுவிட்டு அதையும் அதே பெயரில் விற்பது என்ன நியாயம்?’ என்பது அவர்கள் வாதம்.

மறு தரப்பு வாதம்: இது இயந்திர அச்சு என்பதை யாரும் மறைக்கவில்லை, அசலை வாங்க முடியாத ஒருவர் தன் வீட்டில் ஒரு காட்டை மாட்டிக்கொள்ள இது வழி. அதோடு, காட்டுயிர் அமைப்புகளுக்காகப் பிரதிகளைக் கொடுத்துப் பணம் திரட்டியதும் நடந்திருக்கிறது.

நான் எந்தப் பக்கம்? சொல்லில் பதிவோவியர்கள் பக்கம். ‘எண்ணிட்ட பிரதி’ என்ற பெயருக்கு அவர்கள் கொடுத்த உழைப்பின் மதிப்பை இயந்திரப் பிரதி இரவல் வாங்கிக்கொண்டது உண்மை. அதே நேரம், என் சுவரில் இருப்பவை மூன்றும் அதைவிடக் கீழான காலண்டர் தாள்கள். அவை இல்லாமல் எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் புள்ளி ஆந்தையைத் தெரிந்திருக்காது. இந்த முரண்பாட்டோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன்.

பெரிய கலை விமரிசகர்கள் இவரைக் கண்டுகொள்வதில்லையா?

இரண்டு பெரிய கண்காட்சிகள் எங்கே நடந்தன என்று பாருங்கள். 1981இல் ஒட்டாவாவில் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகம். 1987இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கூட்டம் அலைமோதியது. ஆனால் இரண்டுமே எலும்புக்கூடுகளும் பாடம் செய்த விலங்குகளும் இருக்கும் இடங்கள். ஓவியக் கூடங்கள் அல்ல. டைனோசர் எலும்பைத் தாண்டி வந்து ஓவியம் பார்க்க வேண்டியிருந்தது என்பதிலேயே கலை உலகம் அவரை எங்கே உட்காரவைத்தது என்பது தெரிகிறது. ‘விளக்கப்படம்’ என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை.

முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய சில படங்களில் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருக்கிறது. பனி இறகின்மேல் எங்கே விழ வேண்டுமோ சரியாக அங்கே விழுகிறது. விலங்கு முகத்தை நேராகத் திருப்பிக்கொண்டு நிற்கும் படங்களும் அவரிடம் உண்டு. அவற்றை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். ஆனால் விலங்கு கால்வாசி மறைந்து, முக்கால்வாசி இடமே பேசும் படங்களை விளக்கப்படம் என்பவர்கள் பார்க்காமல் பேசுகிறார்கள்.

விலங்கு ஓவியம் என்பதே மேல்நாட்டுச் சரக்கா?

ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் என்ற ஓவியர் இருந்தார். 1621இல் அரண்மனைக்கு வந்த வரிக்குதிரையை அவர் வரைந்த படம் இன்று லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறவை ஓவியர் ஆடுபான் பிறப்பதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. அமெரிக்கப் பறவைகளை 435 பெரிய தாள்களில் வெளியிட்ட அந்த ஆடுபான், பறவையைச் சுட்டு, கம்பி குத்தி நிறுத்தித்தான் வரைந்தார். அது அந்தக் காலத்து வழக்கம்.

படம் வரைந்தால் காடு பிழைத்துவிடுமா?

படத்தால் மட்டும் எதுவும் பிழைக்காது. ஆனால் படம் சாட்சி சொன்ன வழக்குகள் உண்டு.

வன்கூவர் தீவின் மேற்குக் கரையில் கார்மனா என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே சிட்கா ஸ்புரூஸ் மரங்கள் தொண்ணூறு மீட்டரைத் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. நம் பெரிய கோவில் விமானத்தைவிட உயரம். 1980களின் இறுதியில் அதை வெட்டத் திட்டமிட்டார்கள். 1989இல் ஓவியர்கள் பலர் காட்டுக்குள் போய் வரைந்தார்கள்; அவர்களில் பேட்மனும் ஒருவர். அப்போது வந்ததுதான் ‘கார்மனா முரண்கள்’ என்ற படம். உயிருள்ள மழைக்காடும் வெட்டி மொட்டையடித்த நிலமும் ஒரே சட்டத்துக்குள். ஓவியங்கள் புத்தகமாயின, மக்கள் குரல் கொடுத்தார்கள். 1990இல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. 1995இல் அது விரிவானது. வழக்காடியவர்கள், மறியல் செய்தவர்கள், பாதை வெட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஓவியர்களும் ஒரு வடம் பிடித்தார்கள்.

1993இல் அவர் வரைந்த ஒரு படத்தில் டால்பினும் அல்பட்ராஸ் பறவையும் மிதவை வலையில் சிக்கிக் கிடக்கின்றன. பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் விரித்துவிடும் வலை அது. எதற்கு விரித்தார்களோ அதோடு, வழியில் வரும் மற்றதையெல்லாம் சேர்த்துக் கொல்லும். ஆழ்கடலில் இதை 1992 இறுதியோடு நிறுத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டிருந்த சமயம். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்ட யாருக்கும் மனம் வராது. அவரும் அதற்காக வரையவில்லை.

நமக்கு நெருக்கமான கதை வேறொருவருடையது. டேவிட் ஷெப்பர்ட் என்ற ஆங்கில ஓவியர், 1931இல் பிறந்து 2017இல் மறைந்தவர். ஆப்பிரிக்காவில் வேட்டைக் கும்பல் நஞ்சு கலந்த நீர்க்குழியைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தவர். 1973இல் அவர் வரைந்த ஒரு புலிப் படத்தின் பிரதிகள் விற்று 1,27,000 பவுண்டு சேர்ந்தது. இந்திரா காந்தி காலத்தில் இந்தியாவில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு அந்தப் பணம் உதவியது. பிரதி விற்பதைப் பழிப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கையும் சொல்வதுண்டு.

இப்போது எங்கே இருக்கிறார்?

கனடாவின் மேற்குக் கரையில் சால்ட் ஸ்பிரிங் தீவு. 1985இல் குடிபோனார். அதற்கு முந்தைய ஆண்டே ஆர்டர் ஆஃப் கனடா விருது கிடைத்துவிட்டது.

என் பிள்ளைக்கு விலங்கு வரைவதில் ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

வகுப்பு, கட்டணம், அக்ரிலிக் டப்பா எதுவும் முதலில் வேண்டாம். கோடு போடாத நோட்டு ஒன்று, இரண்டு பென்சில். சிங்கத்தைக் கைப்பேசியில் பார்த்து வரைவதை ஓராண்டுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். வாசலில் என்ன இருக்கிறதோ அது போதும்: காகம், அணில், ஓணான், தெருநாய், எதிர்வீட்டு மாடு. அசையும், போய்விடும், பாதியில் நிற்கும். நிற்கட்டும். பாதிப் படங்கள் நிறைந்த நோட்டுதான் நல்ல நோட்டு.

என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். உயிரினத்தைத் தொடுவதற்கு முன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வரைய வேண்டும். அதோடு, தாளின் மேலே பேட்மன் பாணியில் தலைப்பு எழுத வேண்டும்: இடம், பொழுது, கோடு, பிறகு பெயர். போன வாரம் திருத்திய நோட்டுகளிலிருந்து சில:

வேப்பமரம், மூன்றாவது பீரியட் – அணில்.
சத்துணவுக் கூடத்து வாசல், மணி அடித்த பிறகு – காகங்கள்.
கழிப்பறைக் கூரை, நல்ல வெயில் – மைனா (பறந்துவிட்டது).